பதிப்புரிமை முடிந்த பழைய வயலின் பயிற்சி நூல்களைக் கண்டுபிடிப்பது எப்படி

அட்டையில் வயலின் கலைஞர் க்ரூட்சரின் பெயர் இருக்கிறது, அவர் 1831-லேயே மறைந்துவிட்டார் என்பதற்காக அந்த எட்யூட் (பயிற்சி இசைத்துண்டு) புத்தகத்தை நகலெடுத்துப் பகிர்ந்துவிட முடியாது. வயலின் பயிற்சி நூலில் பெரும்பாலும் மூன்று நான்கு பேரின் உழைப்பு சேர்ந்திருக்கும்: இயற்றியவர், விரல் எண்ணும் வில்போக்கும் குறித்த பதிப்பாசிரியர், விளக்கங்களை மொழிபெயர்த்தவர், முன்னுரை எழுதியவர். ஒவ்வொருவரின் பதிப்புரிமைக்கும் கணக்கு தனி. க்ரூட்சரின் 42 எட்யூட்களை எட்மண்ட் சிங்கர் (மறைவு 1912) பதிப்பில் எடுத்தால் தொல்லையில்லை. அதே எட்யூட்களின் கலாமியன் பதிப்பு 1963-இல் வந்தது. அவர் மறைந்தது 1981-இல். அதைத் தொடாதீர்கள்.

காலக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆசிரியர் மறைந்தபின் 70 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. இரண்டிலும் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்து எண்ண வேண்டும். அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்கு வெளியான ஆண்டுதான் கணக்கு, அதிகபட்சம் 95 ஆண்டு. கார்ல் ஃப்ளெஷின் ஸ்கேல் நூலைப் பாருங்கள். வெளியானது 1926, அவர் மறைந்தது 1944. இந்தியக் கணக்கில் 2005-லும், ஐரோப்பாவில் 2015-லும், அமெரிக்காவில் 2022-லும் உரிமை முடிந்தது. ஆனால் மேக்ஸ் ரோஸ்டல் (மறைவு 1991) திருத்திய பதிப்பு இதில் சேராது.

தேடலை ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இணைய இசைநூல் நூலகத்தில் தொடங்குங்கள். வோல்ஃபார்ட், கைசர், மஸாஸ், ஷெவ்சிக் என்று ஆசிரியர் பெயரில் தேடுவதே வேகமான வழி. ஒவ்வொரு ஸ்கேனுக்குக் கீழேயும் பதிப்பாசிரியர், பதிப்பகம், ஆண்டு, எந்த நாட்டில் உரிமை நிலை என்ன என்ற விவரம் இருக்கும். பதிவிறக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். உரைநடை அதிகமுள்ள நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்தி டிரஸ்ட் ஆகிய இணைய நூலகங்கள் நல்லவை. வயலின் ஆசிரியர் லியோபோல்ட் ஆவரின் 1921 நூல் அப்படிப்பட்டது. ஆர்க்கைவில் பதிவேற்றியவர் போட்ட உரிமைக் குறிப்பை மட்டும் நம்பாதீர்கள். யார் வேண்டுமானாலும் அதைப் போடலாம். பிரெஞ்சு நூல்களுக்கு பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளம் இருக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு நூல்களை அந்தந்த மொழித் தலைப்பிலேயே தேடினால்தான் முதல் பதிப்புகள் கிடைக்கும்.

பெரிய சிக்கல், 19-ஆம் நூற்றாண்டு இசைப் புத்தகங்களில் ஆண்டே அச்சிடப்படாமல் இருப்பது. அப்போது பக்கத்தின் அடியில், நடுவே உள்ள சிறிய எண்ணைப் பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே எண் வரும். அதுதான் அச்சுத்தகட்டு எண், அதாவது அந்த நூலை அச்சிடச் செதுக்கிய உலோகத் தகடுகளுக்குப் பதிப்பகம் கொடுத்த எண். பதிப்பகம் வாரியாக எந்த எண் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற பட்டியல்கள் ஐஎம்எஸ்எல்பியிலேயே இருக்கின்றன. அட்டையில் உள்ள விற்பனை வரிசை எண்ணை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதை வைத்து ஆண்டைக் கணிக்க முடியாது. பழைய தகட்டையே வைத்துப் பல பத்தாண்டுகள் கழித்தும் மறுஅச்சு போட்டிருப்பார்கள். அதனால் புது அட்டையும் புது முன்னுரையும் இருந்தாலும் உள்ளே இருக்கும் இசைப் பக்கங்கள் பழையவையாகவே இருக்கலாம். அந்தப் பக்கங்களை மட்டும் பயன்படுத்துங்கள், முன்னுரையை விட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். லியோபோல்ட் மோட்சார்ட்டின் வயலின் பயிற்சி நூல் 1756-இல் வந்தது, ஆனால் எடிதா நாக்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1948-இல்தான் வெளியானது. ஜெர்மன் மூலம் எல்லோருக்கும் பொது. ஆங்கில வடிவத்துக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். சுசுகி (மறைவு 1998), டோஃப்ளைன் (மறைவு 1977) ஆகியோரின் நூல்கள் பழையவை போலத் தோன்றினாலும் பதிப்புரிமை முடிந்தவற்றில் சேராது.

கோப்பு கிடைத்ததும் பக்க எண்களை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள். பெரிய மடிப்புத் தாளில் அச்சிட்ட விரற்பலகைப் படத்தை ஸ்கேன் செய்தவர்கள் பிரிக்காமலேயே விட்டிருப்பது உண்டு. அப்படியானால் வேறொரு நூலகத்தின் பிரதியைத் தேடுங்கள். டூயட் நூல்களில் இரண்டாம் வயலின் பகுதி தனிப் புத்தகமாக அச்சாகியிருக்கும், அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: மோவாய்த் தாங்கியை வயலின் கலைஞர் ஷ்போர் புகுத்தியது 1820 வாக்கில். அதற்கு முந்தைய நூல்களில் வயலினைப் பிடிக்கும் முறை வேறு. லியோபோல்ட் மோட்சார்ட் மோவாயை ஈ தந்திப் பக்கம் வைக்கச் சொல்கிறார். பயிற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிமுறையை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.