டோமியே பிரின்ட்டை எப்படிப் பார்க்கணும்

19ஆம் நூற்றாண்டு பாரிஸ் நையாண்டிப் படம்னு தேடினா மொதல்ல வந்து நிக்கிற ஆள் ஓனோரே டோமியே தான், மனுஷன் கிட்டத்தட்ட 4,000 லித்தோகிராஃப் (கல்லு மேல க்ரேயான்ல வரைஞ்சு அச்செடுக்கிற படம்) போட்டிருக்காரு. ஒண்ணு கையில கெடச்சா உடனே கீழ இருக்கிற வசனத்துக்குப் போயிடாதீங்க, ஏன்னா அது பெரும்பாலும் அவர் எழுதினதே இல்ல, பத்திரிகை ஆளுங்க வேற யாராவது எழுதிச் சேர்த்தது. ராபர் மக்கேர்ங்கிற மோசடிக்காரனை வச்சு வந்த சீரிஸுக்கு எழுதினதே, ல ஷாரிவாரிங்கிற நையாண்டிப் பத்திரிகையை ஆரம்பிச்ச ஃபிலிப்போன் தான்.

அதனால வசனத்தைக் கையால மறைச்சுக்கிட்டு யாரு யாரைப் பாக்குறாங்க, யாரு பாக்காத மாதிரி நடிக்கிறாங்க, கை எங்க இருக்கு, தொப்பை எவ்ளோன்னு பாருங்க, பாதி கதை அங்கயே தெரிஞ்சிடும். அப்புறம் கையை எடுங்க. 1845ல ஒரு படம், திருடினவன் கிட்ட நீதிபதி சொல்றாரு, பசிச்சுதா, அது ஒரு காரணமா, எனக்கும் தான் தினமும் பசிக்குது நான் திருடுறேனான்னு!! முகத்தைப் பாத்துட்டு இதைப் படிச்சா தான் சுருக்குன்னு இருக்கும்.

அடுத்து மேல சீரிஸ் பேரு இருக்கும், வக்கீல்கள், புருஷன் பொண்டாட்டி, வாடகைக்காரன் வீட்டு ஓனர்னு. வருஷமும் முக்கியம். 1831ல பிரான்ஸ் ராஜா லூயி ஃபிலிப்பைப் பெருந்தீனிக்காரனா வரைஞ்சதுக்கு டோமியே ஜெயிலுக்கே போனாரு, 1835 செப்டம்பர்ல வந்த பத்திரிகைத் தணிக்கைச் சட்டத்துக்கப்புறம் அரசியல் கார்ட்டூன் போடவே முடியல, அதான் ல ஷாரிவாரி பத்திரிகை முழுக்க வீட்டுச் சண்டையும் கோர்ட் கூத்துமா வந்துச்சு (அதுலயும் அரசாங்கத்தைக் குத்தாம விட்டாருன்னு நான் நம்பல).

வாங்குற ஐடியா இருந்தா பின்பக்கம் திருப்புங்க, எழுத்து அச்சாகியிருந்தா பத்திரிகையிலேருந்து வெட்டினது, தனித்தாள்ல போட்டதுக்குப் பின்னாடி வெறுமையா இருக்கும், அதுக்குத் தான் வெல ஜாஸ்தி. ஆனா வெறுமையா இருக்கிறதாலயே ஒரிஜினல்னு ஆயிடாது, நல்ல லென்ஸ் வச்சுப் பாருங்க, வரிசை வரிசையா புள்ளி தெரிஞ்சா பிற்காலத்து காப்பி, க்ரேயான் தேய்ச்ச மாதிரி ஒழுங்கில்லாத சொரசொரப்பு தெரிஞ்சா நம்பிக்கை வைக்கலாம்.

காசு செலவில்லாம பழகணும்னா பாரிஸ் மியூசியங்களோட சைட்ல ஃப்ரீயா டவுன்லோட் பண்ணலாம், வாடகை வீட்ல இருக்கிறவங்க ஓனர் சீரிஸ்லயே ஆரம்பிங்க.