அணுசக்திச் சட்டத்தைப் படிக்கும் முறை: தோற்ற மசோதாவிலிருந்து தொடங்குங்கள்

1946ஆம் ஆண்டின் அமெரிக்க அணுசக்திச் சட்டத்தைப் பற்றி எந்தத் தேர்வுக் கையேட்டைப் புரட்டினாலும் ஒரே வரிதான் இருக்கும்: அணுசக்தியை ராணுவத்தின் கையிலிருந்து எடுத்து சிவில் நிர்வாகத்தின் கையில் கொடுத்த சட்டம். வரி சரிதான். ஆனால் அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிற பிள்ளையிடம், எதை எடுத்தார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூடுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து இந்தச் சட்டத்தை மூலத்திலேயே படிக்கிறேன். மொத்தம் 21 பிரிவுகள்தாம், பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் படிக்கும் முறையை எழுதுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தைத் திறப்பதற்கு முன், அதற்கு எதிரே நின்று தோற்றுப்போன மசோதாவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டு மாதம் முடிவதற்குள், 1945 அக்டோபர் 3 அன்று, கொண்டுவந்த இருவரின் பெயரால் மே–ஜான்சன் என்று அழைக்கப்படும் மசோதா வந்தது. போர்த் துறையின் வழக்கறிஞர்கள் எழுதியது. பணியில் இருக்கும் ராணுவ அதிகாரிகளே அணுசக்தி நிர்வாகத்தின் தலைமையில் அமர அதில் இடமிருந்தது. ரகசியத்தை மீறினால் கடும் தண்டனை. அணுகுண்டை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஓப்பன்ஹைமர்கூடத் தொடக்கத்தில் இதை ஆதரித்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்த்தவர் யார், ஆதரித்தவர் யார் என்று ஊகத்தில் எழுதிவிடக் கூடாது. எதிர்ப்பைக் கிளப்பியவர்கள் லியோ சிலார்ட் முதலிய சிகாகோ ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள். ஆய்வுக்கூடத்தை விட்டு வாஷிங்டனுக்குப் போய், செனட்டர்களையும் பத்திரிகைக்காரர்களையும் தேடித்தேடிப் பேசினார்கள். அதன் பலனாக மே–ஜான்சன் மசோதா முடங்கியது. 1945 டிசம்பர் 20 அன்று கனெக்டிகட் செனட்டர் பிரையன் மக்மகன் மாற்று மசோதாவைக் கொண்டுவந்தார்.

இப்போது தாள்களைப் பரப்புங்கள். ஒரு வரிசையில் மே–ஜான்சன், அடுத்த வரிசையில் மக்மகன் முதலில் கொண்டுவந்த வடிவம், மூன்றாவதாக 1946 ஆகஸ்ட் 1 அன்று ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம். நாங்கள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தாள்களை வைத்து, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் பல்லாங்குழிச் சோழி இரண்டை வைத்துவிடுகிறோம். ராணுவம் வரும் இடத்தில் சிவப்புப் பென்சில், சிவில் அதிகாரி வரும் இடத்தில் நீலம், நாடாளுமன்றம் வரும் இடத்தில் பச்சை. வேறு எந்த விளக்கமும் எழுத வேண்டாம். நிறம் மட்டும் போதும்.

மூன்றாவது வரிசையின் இரண்டாம் பிரிவில் நிறங்கள் கலந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். ஐந்து பேர் கொண்ட ஆணையம், ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டும்: இது நீலம். ஒன்பது பேர் கொண்ட ஆலோசனைக் குழு: இதுவும் நீலம். ஆனால் பக்கத்திலேயே ராணுவத் தொடர்புக் குழு என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். மக்மகன் முதலில் கொண்டுவந்த வடிவில் அது இல்லை. செனட்டர் வாண்டன்பெர்க்கின் திருத்தத்தால் உள்ளே வந்தது. ஆணையத்துக்குள் ராணுவப் பயன்பாட்டைக் கவனிக்கும் கிளையின் இயக்குநர் ஆயுதப் படையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்றும் அதே இரண்டாம் பிரிவு சொல்கிறது. 15ஆம் பிரிவுக்கு வந்தால் பச்சை: செனட்டிலிருந்து ஒன்பது பேர், கீழவையிலிருந்து ஒன்பது பேர் சேர்ந்த கூட்டுக் குழு. ஆணையத்தைக் கேள்வி கேட்க இப்படி ஒரு குழுவைச் சட்டத்திலேயே எழுதி வைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அடுத்து ஆறாம் பிரிவு. குண்டு தயாரிப்பது ஆணையத்தின் வேலை; ஆனால் ஜனாதிபதியின் வெளிப்படையான சம்மதத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது பெற்றுத்தான் அதைச் செய்யலாம். ராணுவத்திடம் ஒப்படைப்பதும் ஜனாதிபதி உத்தரவிட்டால்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ரங்கூனில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கியில் பெட்டகச் சாவி, அங்கே கணக்கைப் பார்க்கும் மேலாளிடம் இருக்கும். பெரிய தொகையை வெளியே விடுவதென்றால் ஊரில் இருக்கும் முதலாளியின் சம்மதம் வேண்டும். சாவி வேறு, உத்தரவு வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் எழுதிப் பழகினால் எந்த நாட்டுச் சட்டத்தையும் படித்துவிடலாம்.

பத்தாம் பிரிவுக்கு மட்டும் ஒரு காலை முழுவதையும் ஒதுக்குங்கள். நான் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்ததே இதற்காகத்தான். மக்மகனின் முதல் வடிவில் இந்தப் பகுதிக்குத் தலைப்பு ‘தகவல் பரவல்’. நிறைவேறிய சட்டத்தில் அது ‘தகவல் கட்டுப்பாடு’. நடுவில் என்ன நடந்தது என்று ஓரத்தில் தேதியை எழுதுங்கள்: 1946 பிப்ரவரி. கனடாவில் சோவியத் தூதரக ஊழியர் இகோர் குசென்கோ அம்பலப்படுத்திய உளவு விவகாரம் அந்த மாதம்தான் வெளியே வந்தது. பயம் பிடித்துக்கொண்டது. அணு ஆயுதத் தயாரிப்பு, அணுப்பிளவுப் பொருள் உற்பத்தி, அதிலிருந்து மின்சாரம் எடுப்பது, இவை தொடர்பான எல்லாத் தரவுகளும் தடைக்குள் வந்தன. ஆணையமே பார்த்து, வெளியிடலாம் என்று சொன்னால் மட்டும் விலக்கு. மின்சாரமும் அந்தப் பட்டியலில் இருப்பதை அடிக்கோடிடுங்கள். போர்க்காலத்தில் ஒன்றாக உழைத்த பிரிட்டிஷ் விஞ்ஞானிகளுக்கும் கதவு சாத்தப்பட்டது. பிரிட்டன் தனியாகவே முயன்று 1952இல் தன் குண்டை வெடித்தது.

திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி, “ஐயா, ராணுவத்திடம் இல்லை என்றால் மக்களிடம் வந்துவிட்டது என்றுதானே பொருள்?” என்று கேட்டாள். பத்தாம் பிரிவைப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, தன் நோட்டில் இருந்த ‘மக்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘ஐந்து பேர்’ என்று எழுதினாள். இந்தச் சட்டத்தின் பொருள் எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆளுகின்ற கை மாறியது; அது பெரிய வெற்றி, விஞ்ஞானிகள் போராடிப் பெற்றது. மூடியிருந்த கதவு மூடியபடியே இருந்தது. 1946 டிசம்பர் 31 நள்ளிரவில், போர்க்காலத்தில் அணுகுண்டு செய்த மன்ஹாட்டன் திட்டத்தின் சொத்துகள் டேவிட் லிலியந்தால் தலைமையிலான ஆணையத்துக்கு மாறியபோது, ரகசியமும் சேர்ந்தே மாறியது.

அமெரிக்கச் சட்டத்தோடு நிறுத்தினால் பாதிப் படிப்புதான். பக்கத்தில் நம்முடைய 1948ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தை வையுங்கள். அந்த ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து, பிரிட்டிஷ் சட்டத்தில் ரகசியம் பாதுகாப்புக்கு மட்டும்தானே, நம் மசோதாவில் அமைதி ஆராய்ச்சிக்கும் ஏன் என்று கேட்டார். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்ற பொருளில் நேரு பதில் சொன்னார். நேர்மையான பதில். ஆனாலும் ராவ் கேட்டது சரியான கேள்வி என்றே நினைக்கிறேன். சபை விவாதத்தில் அந்தப் பக்கத்தை ஒவ்வொருவரும் குரல்விட்டுப் படிக்க வேண்டும்.

காரைக்குடிப் பிள்ளைகளுக்கு இங்கே தனியாக ஒரு பயிற்சி உண்டு. 1948 ஜூலை 25 அன்று நேரு நம் ஊருக்கு வந்து, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில், அவர் கொடுத்த 15 லட்சம் ரூபாயோடு எழுந்த சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, அடிக்கல் நாட்டினார். ஆகஸ்ட் 10 அன்று இந்திய அணுசக்தி ஆணையம் அமைந்தது: தலைவர் ஹோமி பாபா, உறுப்பினர்கள் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும். சிக்ரியைத் தன் கீழ்க் கொண்டிருந்த அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநரும் இதே பட்நாகர்தாம். ஒரே பிரதமர், ஒரே கோடைக்குப் பின்னான வாரங்கள், இரண்டுக்கும் பொதுவான ஒரு மனிதர். ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சியை மூடச் சட்டம் எதுவும் இல்லை. மற்றொன்றுக்கு மூடும் அதிகாரத்தைச் சட்டமே தந்தது. காரணத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதச் சொல்லுங்கள்.

மீதியை விரைவாக முடிக்கலாம். 1954இல் அமெரிக்கா சட்டத்தை மாற்றி எழுதித் தனியாருக்கு உரிமம் கொடுத்தது. அதே ஆண்டு நம் அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் பிறந்தது. 1962இல் நமக்குப் புதிய சட்டம் வந்தது. வளர்ப்பதும் கண்காணிப்பதும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்று அமெரிக்கா 1974இல் ஆணையத்தைக் கலைத்து இரண்டாகப் பிரித்தது. இந்தியாவில் 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. அது பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. இந்த இரண்டு ஏற்பாடுகளையும் அடுத்தடுத்த தாளில் எழுதி, பச்சைப் பென்சிலை மட்டும் எடுத்து, நாடாளுமன்றம் எங்கே வருகிறது என்று தேடுங்கள்.