45 மணி நேரக் கணக்கு: கலிஃபோர்னியாவின் புதிய பில்டிங் இன்ஸ்பெக்டர்களுக்கு ஒரு செய்முறை

தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியதோடு படிப்பு முடிந்தது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். மூன்று வருடம் ஓடியது. சான்றிதழைப் புதுப்பிக்க ஐந்து வாரமே இருந்தபோது கணக்குப் பார்த்தால் கட்டாயத் தொடர்கல்வியில் இருபது மணி நேரம் குறைகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் கிடைத்த ஆன்லைன் வகுப்பையெல்லாம் ஓடவிட்டு ஒப்பேற்றினேன். அதில் ஒன்று நீச்சல் குளத்து வேலி பற்றியது. நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்ததோ கடைகளின் உள்வேலைப் பிளான்கள். மணிக்கணக்கு சேர்ந்தது, மண்டையில் ஒன்றும் சேரவில்லை.

உங்களுக்கு அந்த ஐந்து வாரம் வேண்டாம். முதல் வருடத்திலேயே தொடங்குங்கள்.

முதல் படி: யாருக்கு எத்தனை மணி கடன்?

உங்கள் தலையில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஒன்று மாநிலச் சட்டம். இன்ஸ்பெக்டர், பிளான்களைச் சரிபார்க்கும் பிளான் எக்ஸாமினர், துறைத் தலைவரான பில்டிங் அஃபிஷியல் எல்லோரும் மூன்று வருடத்துக்கு 45 மணி நேரம் தொடர்கல்வி முடிக்க வேண்டும். அதில் குறைந்தது 8 மணி நேரம் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகள் பற்றி இருக்க வேண்டும். இன்னொன்று சான்றிதழ் கொடுத்த அமைப்பு. பெரும்பாலும் அது ஐ.சி.சி., அதாவது மாதிரிக் கட்டட விதிகளை எழுதும் இன்டர்நேஷனல் கோட் கவுன்சில். அங்கேயும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் அவர்கள் மணியில் எண்ணுவதில்லை, சி.இ.யூ. என்ற அலகில் எண்ணுகிறார்கள். 10 மணி நேரம் 1 சி.இ.யூ. ஆறு மணி நேர வகுப்புக்கு 0.6 கிடைக்கும்.

இரண்டு கணக்கின் மூன்று வருடமும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்று இல்லை. ஒரே வகுப்பை இரண்டிலும் காட்டலாம். ஐ.சி.சி. அதை ஏற்றுக்கொள்ளுமா என்று பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். வேறு மாநிலத்து நண்பரின் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நியூயார்க் மாநிலத்தில் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் அதிகாரிக்கு வருடத்துக்கு 24 மணி நேரம், அந்த ஊர்க் கதையே வேறு.

இரண்டாம் படி: ஒரே ஒரு தாள்

தேதி, வகுப்பு, நடத்தியவர், மணி, அதில் அணுகல் விதிகள் எவ்வளவு, ஐ.சி.சி. கணக்கில் ஏறியதா. இந்த ஆறு கட்டம் போதும். இதற்குத் தனியாக ஒரு செயலி தேடிக்கொண்டிருந்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும்.

மூன்றாம் படி: அந்த 8 மணியை முதலில் முடியுங்கள்

சட்டம் கேட்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. புதியவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு சின்ன உதாரணம்: கழிவறைப் பீங்கானின் நடுக்கோடு பக்கச் சுவரிலிருந்து 16 முதல் 18 அங்குலத்துக்குள் இருக்கலாம் என்கிறது ஏ.டி.ஏ. என்ற ஃபெடரல் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் தரம். கலிஃபோர்னியா கட்டட விதிகளின் 11பி அத்தியாயம் 17 முதல் 18 என்கிறது. அப்படியென்றால் பதினாறரை அங்குலம் பக்கத்து மாநிலத்தில் சரி, இங்கே தப்பு. குழாய் போடும் கட்டத்திலேயே டேப் வைத்துப் பார்த்தால் பிளம்பர் முணுமுணுத்துக்கொண்டே நகர்த்திவிடுவார். டைல்ஸ் ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால் தரையை உடைக்க வேண்டும். அந்த இடத்தில் நிற்க யாருக்கும் பிடிக்காது.

பார்க்கிங் இடமும் அப்படித்தான். அணுகல் பார்க்கிங்கின் சரிவு எந்தத் திசையிலும் 1:48-ஐ, அதாவது சுமார் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இடம் டிஜிட்டல் லெவலில் 3 சதவீதம் காட்டும். அதனால் திரையில் ஸ்லைடு பார்க்கும் வகுப்பைவிட, லெவலும் டேப்பும் கையில் கொடுத்து நடக்க வைக்கும் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

நான்காம் படி: மீதி மணிகளுக்கு உங்கள் திருத்தப் பட்டியலே பாடத்திட்டம்

எனக்கு இது புரிய ஒரு முழுச் சுற்று ஆனது. வகுப்புப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு எது சுவாரசியம் என்று தேடாதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் பிளான்களைப் பார்த்து நீங்கள் எழுதிய திருத்தக் குறிப்புகளை எடுங்கள். மூன்றாகப் பிரியுங்கள்.

விதி எண்ணும் அதன் காரணமும் தெரிந்தே எழுதியவை ஒரு பக்கம். சீனியரின் பழைய குறிப்பிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியவை இன்னொரு பக்கம். ஆர்க்கிடெக்ட் திருப்பிக் கேட்டதும் நீங்கள் பின்வாங்கியவை மூன்றாவது.

முதல் குவியலை மறந்துவிடுங்கள். மற்ற இரண்டிலும் எந்தத் தலைப்பு திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் அடுத்த வகுப்பு. எனக்கு வந்தது வெளியேறும் வழிகள். ஆட்கள் எண்ணிக்கைக் கணக்கு, இரண்டாவது கதவு எப்போது வேண்டும் என்பதையெல்லாம் இரண்டு வருடம் வெட்டி ஒட்டியே ஓட்டியிருந்தேன். சொல்லவே கூச்சம்தான்.

ஐந்தாம் படி: புதிய பதிப்புக்கு இடம் விடுங்கள்

டைட்டில் 24, அதாவது கலிஃபோர்னியாவின் கட்டட விதித் தொகுப்பு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதிதாகிறது. 2022 பதிப்பு 2023 ஜனவரி 1 அன்றும், 2025 பதிப்பு 2026 ஜனவரி 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. பர்மிட் விண்ணப்பம் கொடுத்த தேதியை வைத்துத்தான் எந்தப் பதிப்பு என்று முடிவாகும். அதனால் கொஞ்ச காலம் மேசையில் இரண்டு புத்தகமும் இருக்கும். மாற்றங்கள் பற்றிய வகுப்புக்கு 45-இல் பத்துப் பதினைந்து மணி ஒதுக்குங்கள்.

என்ன மாறியது என்று மட்டும் சொல்லும் வகுப்பு எனக்கு மறந்துவிடுகிறது. ஏன் மாறியது என்று சொல்பவரைத் தேடுங்கள். 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் எஃகுச் சட்டகக் கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் வெல்டிங் விரிசல் விட்டது, அதன் பிறகே அந்த இணைப்பு விதிகள் மாறின. அதைக் கேட்டவர் வெல்டிங் அறிக்கையைச் சும்மா புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட மாட்டார்.

ஆறாம் படி: செலவு

சொந்தப் பணம் போடும் முன் சட்டத்தைப் பாருங்கள். தொடர்கல்விச் செலவு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குவதால், ஜனவரி, பிப்ரவரியிலேயே வேண்டிய வகுப்புகளை எழுத்தில் கேட்டுவிடுங்கள். மே மாதம் கேட்டால் பட்ஜெட் முடிந்துவிட்டது என்பார்கள்.

ஏழாம் படி: சான்றிதழைப் பத்திரப்படுத்துதல்

வகுப்பு முடிந்த அன்றே பி.டி.எஃப்.பை இறக்கிச் சொந்தக் கோப்பில் போடுங்கள். நான் அலுவலக மின்னஞ்சலிலேயே விட்டுவைத்திருந்தேன். வேலை மாறியதும் அந்தக் கணக்கும் போனது, பதினோரு மணி நேரமும் போனது.

அப்புறம், நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை: பெயர். ஒரு வகுப்பில் இனிஷியலோடு, இன்னொன்றில் அப்பா பெயர் முன்னால் வந்து, மூன்றாவதில் அதே பெயர் கடைசியில். ஐ.சி.சி. கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒவ்வொரு வகுப்பிலும் பதியுங்கள். புதுப்பிக்க மூன்று மாதம் இருக்கும்போது தாளையும் அவர்களின் பதிவையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்ட வகுப்பை நடத்தியவரிடம் கேட்டு ஏற்ற அந்த அவகாசம் போதும்.