வெளிநாட்டு மருத்துவ உதவிப் பணி: மனசு உடையாமல் இருக்கத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ராயபுரம், தண்டையார்பேட்டையிலிருந்து போர் நாடுகளுக்குக் கிளம்பும் நர்ஸ்கள் பலர், "ஸ்டான்லி ஆஸ்பத்திரி கேசுவாலிட்டில பாக்காததா?" என்பார்கள். முதல் தவறே இந்த நினைப்புதான். இங்கே ரத்தம் தீர்ந்தால் ரத்த வங்கிக்கு ஆள் ஓடும். அங்கே கையில் இருப்பதே இரண்டு யூனிட் என்றால், யாருக்கு ஏற்றுவது என்று முடிவெடுக்க வேண்டிவரும். பிழைத்திருக்கக்கூடியவரை விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு பல மாதம் அரிக்கும். அந்த முடிவைத் தனியாக எடுக்காதீர்கள். டாக்டரோடு பேசி, காரணத்தை அப்போதே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பின்னாளில் மனசு கேள்வி கேட்கும்போது எழுத்தில் பதில் இருக்கும்.

மலேரியா தடுப்பு மாத்திரையைப் பலர் யோசிப்பதே இல்லை. வாரம் ஒன்று போதும் என்று மெஃப்ளோகுயின் வாங்கிவிடுவார்கள். கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு அதன் பக்கவிளைவுகள். 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடும் எச்சரிக்கையே சேர்த்தது. மனச்சோர்வோ பதற்ற நோயோ இருந்தவர்கள் அதைத் தொடக்கூடாது. டாக்ஸிசைக்ளின் போன்ற மாற்று உண்டா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

கண்ட நேரத்தில் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். தெற்கு சூடான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ராத்திரி 8 மணிக்கு டூட்டி முடிந்து கூப்பிட்டால் காசிமேட்டில் 11.30. விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகவேண்டிய அம்மா பதறி எழுவார். அந்தப் பதற்றம் உங்களிடமே திரும்பி வரும். கிழமையும் நேரமும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு பெரிய சாவுக்குப் பிறகு டீமையே உட்காரவைத்து மனசில் இருப்பதை எல்லோரையும் கொட்டச் சொல்வது நல்ல எண்ணத்தில் செய்யும் தப்பு. இப்படிக் கட்டாயப்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் இருங்கள், சாப்பாடும் தூக்கமும் கிடைக்கிறதா என்று பாருங்கள், பேச வந்தால் கேளுங்கள். தூக்கம் வரவில்லை என்று மருந்து அலமாரியிலிருந்து பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையை எடுக்கவே எடுக்காதீர்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல்.

ஊர் திரும்பி மூன்றாம் நாளே டூட்டியில் சேருவது மிக மோசம். தெருவே வந்து "எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்கும், வீட்டில் யாராவது ஒருவர் அதைத் தடுக்க வேண்டும். இரண்டு வாரமாவது விடுப்பு கேளுங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கு முன்பே தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.