கரையிலிருந்து இறங்குவது: சென்னைப் பக்கத்து நன்னீரில் ஸ்கூபா

கடலில் டைவ் செய்து பழகியவர்கள் நன்னீரை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அலை கிடையாது, நீரோட்டம் கிடையாது, படகில் ஏறித் தலைசுற்ற வேண்டியதில்லை, குளம்தானே என்று ஒரு நினைப்பு. புதுச்சேரியிலோ அந்தமானிலோ படகிலிருந்து குதிக்கும்போது பாதி வேலையை வேறு யாராவது முடித்து வைத்திருப்பார்கள். இடம் பார்ப்பது, சிலிண்டர் தூக்குவது, எங்கே ஏறுவது என்று முடிவு செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கரையிலிருந்து இறங்கினால் அத்தனையும் நம் தலையில் வந்து விழும். அதனால் தண்ணீருக்குள் செய்வதைவிடக் கரையில் செய்ய வேண்டியதைத்தான் இங்கே அதிகமாகச் சொல்லப்போகிறேன். நான் வகுப்பு எடுக்கும்போதும் அப்படித்தான்.

இது ஓப்பன் வாட்டர் சான்றிதழ், அதாவது ஸ்கூபாவின் அடிப்படைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு எழுதுவது. அது இல்லாதவர்கள் முதலில் நீச்சல் குளத்தில் ஒரு பயிற்சியாளரோடு ஆரம்பியுங்கள். இதைப் படித்துவிட்டு நேராகத் தண்ணீரில் இறங்காதீர்கள்.

எங்கே இறங்குவது என்பதுதான் சென்னைக்காரர்களின் முதல் கேள்வி. செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி என்று சுற்றி இவ்வளவு ஏரி இருக்கிறதே என்பார்கள். அவை நாம் குடிக்கிற தண்ணீர், அங்கே இறங்க அனுமதி கிடையாது. ஆழமும் நினைக்கிற அளவுக்கு இல்லை. செம்பரம்பாக்கம் நிரம்பி நிற்கும்போதே 24 அடிதான், அதாவது ஏழு மீட்டர் சொச்சம். புழல் 21 அடி. அடியில் முழுக்க வண்டல். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் மதகு. மதகு திறந்திருந்தால் ஒரு பக்கம் தண்ணீரின் அழுத்தம், மறுபக்கம் வெறும் காற்று. ஐந்து மீட்டர் ஆழத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி திறப்பு இருந்து, அதை உங்கள் உடம்பு அடைத்துக்கொண்டால் 450 கிலோவுக்கு மேல் அழுத்திப் பிடிக்கும். பக்கத்தில் போகும்வரை ஒன்றும் தெரியாது, இழுத்தபின் பத்து பேர் சேர்ந்தாலும் பிரித்து எடுக்க முடியாது. ஆகவே எந்த நீர்நிலையானாலும் சரி, மதகு, குழாய், மோட்டார் உறிஞ்சும் வாய் எங்கே இருக்கிறது, அது ஓடுகிறதா என்று தெரியாமல் காலை நனைக்காதீர்கள்.

மிச்சம் இருப்பது கைவிட்ட கல்குவாரிகள். மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரிகளை எல்லோருக்கும் தெரியும். 2017, 2019 வறட்சியின்போது அந்தத் தண்ணீரையும் எடுத்துச் சுத்திகரித்துத்தான் சென்னைக்குக் கொடுத்தார்கள். அந்த மாதிரிப் பொது இடங்களும் நமக்கு வேண்டாம். பட்டா நிலத்தில் உள்ள குவாரி, உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி, ஊரில் நாலு பேருக்குத் தகவல், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இறங்கலாம். தகவல் சொல்வது ஏன் முக்கியம் என்றால், குவாரித் தண்ணீரில் பிள்ளைகளை இழந்த ஊர்கள் நம்மைச் சுற்றி நிறைய. கரையில் செருப்பும் பையும் கிடந்து ஆளைக் காணோம் என்றால் அங்கே என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் போவது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நண்பர் குடும்பத்தின் நிலத்தில் உள்ள பழைய குவாரி. கீழே கிரீன்ஹவுஸ் போட்டு வெள்ளரி வளர்க்கிறார்கள், அதற்குத் தண்ணீர் இந்தக் குவாரியிலிருந்துதான். அதாவது தண்ணீருக்குள் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார், அதற்கு ஒரு கரண்ட் ஒயர். குவாரியிலும் கிணற்றிலும் டைவ் செய்பவர்கள் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். இன்சுலேஷன் உரிந்த ஒயர் ஒன்று போதும். சுவிட்சை அணைத்தால் போதாது, யாராவது வந்து போட்டுவிடுவார்கள். அங்கே காவலுக்கு இருக்கும் பெரியவர் ஷெட்டுக்குள் போய் ஃபியூஸ் கேரியர்கள் மூன்றையும் பிடுங்கி என் கையில் வைப்பார். "இந்தாம்மா, நீயே வெச்சிக்கோ. மேல வந்து நீ குடுத்தாதான் மாட்டுவேன்" என்பார். அதைத் துணியில் சுற்றிக் கரையில் உட்காரும் ஆளிடம் கொடுத்துவிட்டுத்தான் வெட்சூட்டை, அதாவது டைவ் உடையைத் தொடுவேன். கரையில் உட்காரும் அந்த ஆள் கட்டாயம் வேண்டும். அவர் கையில் போன், முதலுதவிப் பை, ஆக்சிஜன் கிட், நாங்கள் எத்தனை மணிக்கு மேலே வருவோம் என்று எழுதிய தாள். அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்பதும் அதே தாளில் இருக்கும். முதல் நம்பர் 108.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிடும். தை பிறந்த பிறகு கலங்கல் படிந்து தெளியும். தை, மாசி, பங்குனிதான் நல்ல காலம். வெயில் ஏற ஏறப் பாசி கிளம்பிப் பச்சையாகிவிடும். நல்ல நாளிலும் அந்தமான் தெளிவை எதிர்பார்க்காதீர்கள். கை நீட்டினால் விரல் தெரிந்து, அதற்கப்பால் இன்னும் இரண்டு மூன்று மீட்டர் தெரிந்தால் அது நல்ல நாள்.

காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். பத்து மணி வெயிலில் மூன்று மில்லிமீட்டர் வெட்சூட்டை மாட்டிக்கொண்டு பாறைமேல் நின்றால் தண்ணீரில் இறங்குமுன்பே மயக்கம் வரும். சூட்டை இடுப்புவரை மட்டும் ஏற்றிவிட்டு மற்ற வேலையை நிழலில் முடியுங்கள். மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சூட்டே வேண்டாம் என்பார்கள் சிலர். குவாரித் தண்ணீர் தேங்கி நிற்பது. வெயிலில் காய்வது மேலடுக்கு மட்டும்தான், சில மீட்டர் கீழே போனதும் சட்டென்று குளிர்ந்த அடுக்கு வரும். பாறையில் உரசாமல் காப்பாற்றவும் சூட் வேண்டும்.

இப்போது எடை, அதாவது மூழ்குவதற்காக நாம் கட்டிக்கொள்ளும் ஈயம். கடல் தண்ணீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ, நன்னீர் 1 கிலோ. வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான், ஆனால் அது உங்கள் மொத்த எடைக்கும் பொருந்தும். உடம்பு, சிலிண்டர், சூட், ஈயம் எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்றால், கடலில் கட்டியதில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே கழற்ற வேண்டும். கழற்றாமல் இறங்கினால் நேராகப் போய்ச் சேற்றில் உட்காருவீர்கள், அதோடு அன்றைய பார்வை போச்சு. அதைச் சரிக்கட்ட பி.சி.டி.யில் (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) காற்றை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தால் சிலிண்டரும் சீக்கிரம் காலியாகும்.

கணக்கு ஒரு தொடக்கம்தான், சரிபார்ப்பது தண்ணீரில். நெஞ்சளவு தாண்டிய ஆழத்தில், பி.சி.டி.யின் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேரே நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். இதை நிரம்பிய சிலிண்டரோடு செய்தால் இன்னும் இரண்டு கிலோ கூடுதலாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நாம் வழக்கமாகக் கட்டும் 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டரில் அழுத்தம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கும்வரை மூச்சுவிட்டால் இரண்டு கிலோ காற்று தீர்ந்திருக்கும். அந்த அளவுக்கு நீங்கள் கடைசியில் லேசாகிவிடுவீர்கள், ஏறும் வழியில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் மேலே தூக்கும். டைவ் கம்ப்யூட்டரில் நன்னீர் என்று மாற்றி வையுங்கள். மாற்றாவிட்டால் 18 மீட்டரில் இருக்கும்போது பதினேழரை என்று காட்டும்.

நம் குவாரி கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருப்பதால் உயரக் கணக்கு தேவையில்லை. கொடைக்கானல், ஊட்டி பக்கம் போனால் நிலைமை வேறு. 300 மீட்டருக்கு மேல் என்றாலே எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் என்பதற்குத் தனி அட்டவணை, தனிப் பயிற்சி.

இறங்கும் வழியைத் தேடும்போது பாறை விளிம்பைப் பார்க்காதீர்கள். பெரும்பாலான குவாரிகளில் லாரி இறங்கிக் கல் ஏற்றிய சரிவு ஒன்று இருக்கும். அதுதான் நம் படி. அதே பாதை தண்ணீருக்குள்ளும் தொடர்ந்து கீழே போகும், அதனால் வழிகாட்டியும் அதுதான். மேலே இருந்து குதிப்பது கூடவே கூடாது. அடியில் வேலிக்காத்தான் மரம் மொட்டையாக நிற்கலாம், கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம்.

துணையோடு ஒருவரையொருவர் சோதித்து முடித்துக் கிளம்புங்கள். பி.சி.டி., எடை, கொக்கிகள், காற்று, கடைசியாக ஒரு பார்வை, இந்த வரிசையில். ஃபின்களை, அதாவது காலில் மாட்டும் துடுப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடும் ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு, பி.சி.டி.யில் கொஞ்சம் காற்றோடு நடக்க வேண்டும். பாசி படிந்த பாறை வழுக்கும், முதுகில் பதினைந்து கிலோவுக்கு மேல் இருக்கிறது. கால் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். இடுப்பளவு வந்ததும் துணையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின் மாட்டலாம். போன மாதம் வந்த அம்பத்தூர்த் தம்பி, "அக்கா, கரையிலேயே ஃபின் மாட்டிட்டு வந்துடறேனே" என்றான். மாட்டிக்கொண்டு நடப்பதானால் பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும், அந்தச் சரிவில் அது ஆகாது என்று சொல்லி நிறுத்தினேன்.

இறங்கும் இடத்தில் ஒரு மிதவை கட்டி, அதிலிருந்து கயிறு ஒன்றை லாரிப் பாதை ஓரமாகவே கீழே இழுத்துப் போடுவேன். பார்வை மங்கினால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கயிற்றைச் சுற்றியிருக்க வேண்டும். காதின் அழுத்தத்தைச் சரிசெய்வது கடலில் செய்வதுபோலத்தான், ஆனால் சரிவில் இறங்குவதால் அவசரமில்லாமல் செய்யலாம். காது பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

உதைக்கும் விதத்தை மாற்ற வேண்டும். மேலும் கீழுமாக உதைத்தால் ஃபின் அடியில் படிந்த கல்தூளைக் கிளப்பும். ஜல்லி உடைத்த தூள் மாவைவிட மெல்லியது, ஒருமுறை கிளம்பினால் அந்த டைவ் முழுக்கப் படியாது. முழங்காலை மடக்கி, ஃபினை உயர்த்தி, தவளைபோல் பக்கவாட்டில் உதைத்து, பிறகு கொஞ்சம் சும்மா மிதந்து போக விடுங்கள். டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள், மிதக்கும் தூளில் வெளிச்சம் பட்டுக் கண்ணில் திரும்பாது. அந்த ஒளியே பேச்சும்கூட. பாறையில் வட்டம் போட்டால் நலம், வேகமாக அசைத்தால் அவசரம்.

வழி எளிது. போகும்போது சுவர் வலது கைப்பக்கம், திரும்பும்போது இடது கைப்பக்கம். 200 பாரில் ஆரம்பித்தால் 130 வந்ததும் திரும்பிவிடுங்கள், பார்க்க எவ்வளவு இருந்தாலும். துணையைக் காணவில்லையா? ஒரு நிமிடம் தேடுங்கள், அப்புறம் இருவருமே மெதுவாக மேலே. வலைக்கு ஆளுக்கு இரண்டு வெட்டும் கருவி, இரண்டு கையும் எட்டும் இடத்தில். மீன்பிடிக்கப் போட்டு மறந்த தங்கூசி வலை தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. சிக்கினால் திரும்பிப் பார்க்காதீர்கள், சுழன்றால் இன்னும் சுற்றும். அப்படியே நின்று துணையை அழைத்து, ஒவ்வொரு இழையாக வெட்ட வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். சுவரோரம் நின்று டார்ச் அடித்தால் நீலச்சாம்பல் நிறப் பாறை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருக்கிற அதே சார்னோக்கைட் வகை. அதில் மேலிருந்து கீழாக, பிளந்த மூங்கில் அளவில் நீளநீளமான பள்ளக் கோடுகள். வெடி வைக்கத் துளை போட்டவர்களின் வேலை அது, விரலை வைத்தால் துரப்பணத்தின் வரி இன்னும் தட்டுப்படும். மேலே ஏறி வந்தால், ஆழமில்லாத பகுதியில் ஜிலேபி மீன்கள் வட்ட வட்டமாகக் குழி பறித்து வைத்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஆண் மீன் காவல், நம் முகமூடிக்கு நேராகவே வந்து நிற்கும். அசையாமல் காத்திருந்தால் தாய் மீனைப் பார்க்கலாம். எறும்புக் கூட்டமாகக் குஞ்சுகள் அதன் முன்னால் சுற்றும், நம் மூச்சுக்குமிழி சத்தம் கேட்டதும் அத்தனையும் தாயின் வாய்க்குள் போய்விடும். குமிழி நின்றதும் மெல்லத் துப்பி வெளியே விடும். இதைப் பார்த்த யாரும் குளம்தானே என்று மறுபடி சொன்னதில்லை.

பத்து மீட்டரோ அதற்கு மேலோ போயிருந்தால் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். லாரிப் பாதையின் அந்த ஆழத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்கலாம். ஏறும்போது ஃபினைக் கழற்றுவது இடுப்பளவுத் தண்ணீரில்தான், நீங்கள் கரையை மிதிக்கும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும்.

அப்புறம் சோப்புப் போட்டுக் குளியல். காயம் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம், தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் குவாரியில் இறங்கியதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகள் வந்ததிலிருந்து நிறையப் பேர் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அது மிக அரிது, ஆனால் வெதுவெதுப்பான நன்னீர் மூக்கில் ஏறுவதால்தான் வருகிறது. அதனால் முகமூடியைக் கழற்றி மாட்டும் பயிற்சியை இங்கே செய்யாதீர்கள், குளோரின் போட்ட நீச்சல் குளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றே விமானம் ஏற வேண்டாம். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18.

கருவிகளில் உப்பு இல்லை என்று அப்படியே மூட்டை கட்டிவிடாதீர்கள். இரண்டாம் நிலை ரெகுலேட்டருக்குள் கல்தூள் புகுந்திருக்கும், நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். பதிவேட்டில் சூட் கனம், சிலிண்டர் வகை, கட்டிய ஈயம் மூன்றையும் எழுதி, பக்கத்தில் நன்னீர் என்று பெரிதாகக் குறித்து வையுங்கள். அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது அந்த எண்ணோடு இரண்டு கிலோவைக் கூட்டி, அங்கேயும் ஒருமுறை கண்மட்டச் சோதனை செய்துவிட்டு இறங்குங்கள்.