பௌரான் வாங்கப் போகிறீர்களா?

பௌரான் என்ற அயர்லாந்தின் ஒருபக்கத் தோல் பறையை வாங்கும்போது, தோலில் ஷாம்ராக் இலை வரைந்த சுற்றுலாக் கடைச் சரக்கில் மயங்காதீர்கள். பெரும்பாலும் அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு. முதலில் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். தோலை இறுக்கவும் தளர்த்தவும் திருகுகள் இருக்க வேண்டும். ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தொய்யும், ஹீட்டர் பக்கம் விறைக்கும். திருகு இல்லாவிட்டால் தண்ணீர் தடவியும் காய வைத்தும் திண்டாட வேண்டியதுதான்.

அப்புறம் இடது கையை உள்ளே விட்டு, தோலை அழுத்தி நகர்த்தியபடியே குச்சியால் தட்டுங்கள். சுருதி வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். விளிம்பைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தால் ஓட்டையை மறைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், வேண்டாத ரீங்காரத்தை அடக்கத்தான் அது. விட்டம் 14 முதல் 16 அங்குலம் போதும். குறுக்குச் சட்டம் கையில் இடித்தால், கழற்றக்கூடியதாகக் கேளுங்கள்.