நூக்சியோ காட்டில் நனைந்த விறகைப் பற்றவைத்த விதம்

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து, இலையுதிர்கால வார இறுதியொன்றில் நூக்சியோ தேசியப் பூங்காவுக்குச் சென்று கூடாரத்தில் தங்கினோம். 1994இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்காவில், அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டுமே நெருப்பு மூட்டலாம். விறகை அங்கேயே வைத்திருப்பார்கள். நாள் முழுவதும் பெய்த சாரலில் கட்டைகள் நனைந்துபோய், வெறுமனே புகைந்தனவே தவிர எரியவில்லை. குளிரோ ஏறிக்கொண்டே இருந்தது.

காய்ந்த விறகு மழையில் நனையும்போது ஈரம் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் நிற்கும் என்பதால், கோடரியால் கட்டைகளை நான்காகப் பிளந்து, உலர்ந்த உட்புறத்திலிருந்து விரல் கனத்துக்குச் சிராய்களை எடுத்தேன். அவற்றுள் சிலவற்றைக் கத்தியால் சீவி, சுருள்கள் அறுந்து விழாமல் முனையிலேயே கொத்தாக நிற்கும்படி விட்டேன். அதைவிடப் பெரிதும் உதவியது பிர்ச் என்ற மரத்தின் கட்டையில் இருந்த வெள்ளைப் பட்டைதான். மெல்லிய ஏடுகளாக உரியும் அந்தப் பட்டையில் எண்ணெய்ப்பசை இருப்பதால், ஈரத்தைத் துடைத்துவிட்டுத் தீக்குச்சியைக் காட்டியதும் கரும்புகையோடு பிடித்துக்கொண்டது. நிற்கும் மரத்தில் பட்டையை உரிக்கவே கூடாது. அது மரத்தைக் காயப்படுத்தும், அங்கே அதற்கு அனுமதியும் இல்லை. விறகில் ஒட்டியிருப்பதே தாராளமாகப் போதும்.

ஈரத் தரையில் நேரடியாக மூட்டாமல், தடித்த பிளவுகள் இரண்டை இணையாக வைத்து, நடுவே பட்டையையும் மேலே சீவல்களையும் அடுக்கியதால் காற்று அடியில் புகுந்து எரிந்தது. காட்டுத்தீ எச்சரிக்கை உள்ள நாள்களில் திறந்தவெளி நெருப்புக்குத் தடை உண்டு. ஆகவே கிளம்பும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.